சர்க்கார் எதிர் சர்க்கார்

"வெண்ணெயைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளு" என்று வெண்டெல் கேட்டதும் மார்லிஸ் யோசனையில் ஆழ்ந்தாள். வெண்ணெயைப் பற்றிப் பேசினால் ரொட்டி வரும். ரொட்டியிலிருந்து கோதுமை, கோதுமையிலிருந்து வயல், வயலிலிருந்து தண்ணீர், தண்ணீரிலிருந்து நேரே பிக்கரல் ஓடை. பிக்கரல் ஓடையைப் பற்றி அந்த வீட்டில் மூச்சு விடக் கூடாது.

பேசாமல் கிண்ணத்தை விரல் நுனியால் தள்ளிவிட்டாள்.

"ராத்திரி நல்ல மழை, இல்ல?" என்றான் வெண்டெல்.

"அதுக்கு நான் பதில் சொல்லக் கூடாது."

"மழையைத்தானே கேட்டேன்."

"மழை பெய்ஞ்சா எங்க தண்ணி ஏறும்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பேசாம டோஸ்ட்டைத் தின்னு."

வெண்டெல் தின்றான். கல்யாணமாகிக் கால் நூற்றாண்டு தாண்டிய தம்பதி, வானிலையைக்கூடப் பேச முடியாமல் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி காபி குடித்தார்கள். அவர்கள் ஊரில் வானிலையை எடுத்துவிட்டால் பேசுவதற்கு மிச்சம் எதுவும் இருக்காது.

இருவரும் வக்கீல்கள். இருவருக்கும் மாநில அட்டர்னி ஜெனரல் ஆபீஸில் வேலை. ஒரே காரில் போய், ஒரே அறையில் உட்கார்ந்து, ஒரே டிபன் பெட்டியிலிருந்து இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட நேற்றைய ஹாட்டிஷைச் சூடுபண்ணிச் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புவார்கள். அந்த மாநிலத்தில் எந்த இலாகாவுக்கு வழக்கு வந்தாலும் அட்டர்னி ஜெனரல் ஆபீஸ்தான் வக்கீல். சிறைச்சாலையிலிருந்து மீன் பண்ணை வரை எல்லாருக்காகவும் வாதாடுவது அதுதான். வெளியாட்களோடு சண்டை என்றால் இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. இரண்டு இலாகாக்கள் தங்களுக்குள்ளேயே முட்டிக்கொள்ளும்போதுதான் தலைவலி.

இப்போது முட்டிக்கொண்டிருந்தவை நெடுஞ்சாலை இலாகாவும் வனவிலங்கு இலாகாவும். வனவிலங்கு இலாகாவின் நிலத்தில் ஓடுகிற பிக்கரல் ஓடையில் மரத்தைப் பல்லால் கொறித்து வெட்டும் பீவர் என்ற நீர்ப்பிராணிக் குடும்பம் ஒன்று குச்சியும் சேறும் வைத்து அணை கட்டிவிட்டது. தேங்கிய தண்ணீர் நெடுஞ்சாலையில் ஏறி நின்றது. அணையை உடைத்தே தீருவோம் என்றது ஒரு இலாகா. தொட்டால் கை இருக்காது என்றது இன்னொன்று. இரண்டும் ஒரே நாளில் வக்கீல் வேண்டும் என்று ஒரே ஆபீஸின் கதவைத் தட்டின.

அட்டர்னி ஜெனரல் தேர்தலில் ஜெயித்து வந்தவர். ஊர் ஊராகப் போய்க் கை குலுக்குவதற்கே அவருக்கு நேரம் போதாது. ஆபீஸை நடத்தியது துணை அட்டர்னி ஜெனரல் லோவெல் பெக். அவர்தான் மார்லிஸை நெடுஞ்சாலைக்கும் வெண்டெலை வனவிலங்குக்கும் வக்கீலாகப் போட்டார்.

"வேற ஆளே கிடைக்கலையா உங்களுக்கு?" என்று மார்லிஸ் கேட்டாள்.

"பாதி நாற்காலி காலியா கிடக்கு. ஆள் எடுக்கப் பணம் கிடையாது. மீதிப் பேர் மருந்துக் கம்பெனி கேஸ்ல மூழ்கிட்டாங்க. நீங்க ரெண்டு பேர்தான் கரையில நிக்கறீங்க."

"நாங்க புருஷன் பொண்டாட்டி, லோவெல்."

"அதனாலதான் நடுவுல சுவர் எழுப்பறேன். ஒருத்தர் காகிதத்தை ஒருத்தர் பார்க்கக் கூடாது. கேஸைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"வீட்டுலயுமா?"

"வீட்டுலதான் முக்கியமா."

ஆபீஸ் அறைக்குள் தடுப்பு வைக்கவும் நிதி இல்லை. கோப்பு அலமாரிகளை நடுவில் வரிசையாக நிறுத்தி, மேலே கிறிஸ்துமஸ் விருந்துக்கு வாங்கிய சிவப்புத் துணியைக் கட்டினார்கள். அதற்கு அந்தப் பக்கம் வெண்டெல் தும்மினால் இந்தப் பக்கம் மார்லிஸ் மனசுக்குள்ளேயே வாழ்த்திக்கொள்வாள்.

அந்த வாரமே லோவெல் அவளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"நிதிக் கமிட்டித் தலைவர் ஷ்ராக் நம்ம கணக்கைக் குடைய ஆரம்பிச்சிட்டார்" என்றார். "நாம மணிக்கணக்கு போட்டு நெடுஞ்சாலைக்கு ஒரு பில் அனுப்பறோம். அதே அணைக்கு வனவிலங்குக்கும் ஒரு பில் அனுப்பறோம். 'ரெண்டும் ஒரே ஜனங்க பணம்தானே, எதுக்கய்யா ரெண்டு வக்கீல்'னு கேக்கறார். வசந்த காலத்துல பட்ஜெட். உங்க பிரிவுல ஒரு நாற்காலியைத் தூக்கியே ஆகணுமாம்."

"யார் நாற்காலி?"

"அதைத்தான் என்னை முடிவு பண்ணச் சொல்றார். இந்தக் கேஸ் சத்தம் போடாம முடிஞ்சா அவரைச் சமாதானப்படுத்திடலாம். சிரிப்பா சிரிச்சுதுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

எமெட் ஷ்ராக் சர்க்கரைக் கிழங்கு விவசாயி. வந்த கடித உறையைத் திருப்பி ஒட்டி மறுபடி அனுப்புகிற செனட்டர். சட்டசபைக் காபிக்குக் காசு வீண் என்று வீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கில் கொண்டுவருவார். அவரைச் சமாதானப்படுத்தியவர் என்று இதுவரை யாரும் இல்லை.

மார்லிஸ் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். முதலில், எதுவும் விபரீதம் நடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சாலைப் பணியாளர்கள் பொறுமை இழந்து மண்வாரி இயந்திரத்தைக் கொண்டுபோய் அணையை இடித்துவிட்டால் வழக்கு அன்றே நாறிவிடும். அந்தப் பகுதியின் சாலை மேஸ்திரி ஆர்லோ லாவலியைத் தொலைபேசியில் பிடித்தாள். ஆர்லோ வேலையில் கெட்டி. ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்வார். கேட்காததைச் சொல்வது அந்த வட்டாரத்தில் அதிகப்பிரசங்கித்தனம்.

"ஆர்லோ, அந்த அணைதான் நமக்குச் சாட்சி. கேஸ் முடியற வரைக்கும் இன்னிக்கு எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும். உங்க ஆளுங்க யாரும் அதுல கை வைக்கக் கூடாது. முழுப் பொறுப்பும் உங்க தலையிலதான்."

"சரிங்க, மேடம்."

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க."

"சரிங்க, மேடம்."

சிவப்புத் துணிக்கு அந்தப் பக்கம் வெண்டெலும் சும்மா இருக்கவில்லை. மறுநாளே கோர்ட்டில் ஒரு மனு போட்டான். ஆட்கள் நடமாடினால் பீவர்கள் மிரண்டுவிடும், ஆகவே அணையைச் சுற்றிக் கயிறு கட்ட வேண்டும், இரண்டு இலாகா ஆட்களும் உள்ளே போகக் கூடாது, போட்டோ எடுக்க ஆர்லோ ஒருவருக்கு மட்டும் அனுமதி. நீதிபதி உடனே கையெழுத்துப் போட்டார். நல்ல யோசனைதான் என்று மார்லிஸ் நினைத்தாள். பாராட்டத்தான் வழியில்லை. அன்று இரவு அவன் தட்டில் ஹாட்டிஷின் மொறுமொறுப்பான ஓரத்தை வைத்தாள். அவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை.

பனிக்காலம் முழுக்க ஆர்லோவின் போட்டோவில் ஒரு வெள்ளை மேடு மட்டுமே தெரிந்தது. வழக்கும் உறைந்து கிடந்தது. பனி உருகியதும்தான் வினை தொடங்கியது. வெள்ளம் வந்து நாலைந்து சின்னப் பாலங்களை அடித்துக்கொண்டு போயிற்று. பிக்கரல் ஓடை அணை மட்டும் அசையவில்லை. அசையாதது மட்டுமல்ல, முன்னைவிட எடுப்பாக நின்றது.

அந்தப் போட்டோவைக் கோர்ட்டில் நீட்டி மார்லிஸ், "பாருங்கள், இந்தப் பிராணிகள் நாளுக்கு நாள் தீவிரமாகிக்கொண்டே போகின்றன" என்று வாதாடினாள். அதே போட்டோவை நீட்டி வெண்டெல், "பாருங்கள், எவ்வளவு ஆரோக்கியமான குடும்பம்" என்று வாதாடினான். நீதிபதி போட்டோவைத் தலைகீழாகத் திருப்பிக்கூடப் பார்த்துவிட்டு வழக்கைத் தள்ளிவைத்தார்.

வெண்டெல் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியரைப் பிடித்தான். கயிற்றுக்கு உள்ளே போக அவருக்கும் அனுமதி இல்லை. போட்டோக்களை மட்டும் வைத்துக்கொண்டு பத்துப் பக்க அறிக்கை எழுதினார். இத்தனை ஒழுங்கான கட்டுமானத்தைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றும், இந்த பீவர்கள் வாரக் கடைசியை ஒட்டி அதிகம் உழைப்பதாகத் தெரிகிறது என்றும், இதை ஆராயத் தனி நிதி தேவை என்றும் சொல்லியிருந்தார். நிதி என்ற சொல்லைப் படித்ததும் லோவெலுக்கு நெஞ்சை அடைத்தது.

"இதை முடிச்சுத் தொலைங்க" என்று மார்லிஸிடம் கெஞ்சினார்.

முடித்துவிடலாம் என்றுதான் அவள் அடுத்த யோசனையைச் செய்தாள். அணையின் ஊடே ஒரு பெரிய குழாயைச் செருகினால் அணையும் இருக்கும், தண்ணீரும் வடியும். முறைப்படி கடிதம் எழுதி, அதை அலமாரிக்கு மேலாக அந்தப் பக்கம் போட்டாள். சம்மதம் என்ற பதில் அதே வழியில் திரும்பி வந்தது. ஆர்லோ அப்போது மீன்பிடிக்க லீவில் போயிருந்தார். மாவட்ட ஆபீஸிலிருந்து வேறு ஆட்கள் கோர்ட் அனுமதியோடு வந்து குழாயைப் பொருத்திவிட்டுப் போனார்கள். தண்ணீர் மடமடவென்று இறங்கியது. மார்லிஸுக்கு அன்று தூக்கம் நன்றாக வந்தது.

வெள்ளிக்கிழமை போட்டோவில் குழாயின் வாய் சேறும் குச்சியும் வைத்துக் கெட்டியாக அடைக்கப்பட்டிருந்தது. தண்ணீர் மறுபடி சாலையில்.

"ஆர்லோ, குழாய் அடைச்சிருக்கே."

"ஆமாங்க, மேடம். நல்லாவே அடைச்சிருக்கு."

"திறந்துவிட்டா?"

ஆர்லோ கொஞ்சம் யோசித்தார். "மறுபடி அடைக்க வேண்டியதுதான், மேடம்."

மார்லிஸ் போனை வைத்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். பேராசிரியர் இந்தச் செய்தியைக் கேட்டுப் பரவசமாகி ஒரு பத்திரிகைக்காரரிடம் வாயைத் திறந்தார். 'சர்க்கார் குழாயைத் தோற்கடித்த பீவர்கள்' என்று முதல் பக்கத்தில் போட்டார்கள். உள்ளே இன்னும் மோசம்: மாநிலம் மாநிலத்தின் மீதே வழக்குப் போட்டிருக்கிறது, இரண்டு பக்கத்து வக்கீலும் ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள், இரண்டு பில்லும் ஜனங்கள் தலையில். ஓடைக்குப் பக்கத்துப் பெட்ரோல் பங்கில் பீவர் படம் போட்ட பனியன் விற்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மறுநாள் லோவெலுக்கு ஷ்ராக்கிடமிருந்து ஒரு வரி வந்தது. பட்ஜெட்டுக்கு முன்னால் அணையை நேரில் பார்க்க வருகிறாராம்.

நாற்காலி போய்விட்டது என்று மார்லிஸுக்குத் தெரிந்துவிட்டது. யாருடையது என்பதுதான் பாக்கி. நேராக லோவெலிடம் போனாள்.

"தூக்கறதா இருந்தா என்னுதைத் தூக்குங்க. வெண்டெலுக்கு இந்த வேலையை விட்டா ஒண்ணும் தெரியாது. வீட்ல உட்கார்ந்தா என் மசாலா டப்பாவை எல்லாம் அகர வரிசையில அடுக்கிட்டு அப்புறம் அழுவான்."

லோவெல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதைச் சொல்லலாமா கூடாதான்னு தெரியல. போன வாரம் வெண்டெல் வந்தான். 'என்னுதைத் தூக்குங்க, அவளை வீட்ல உட்கார வெச்சா தெருவுல ஒருத்தர் விடாம கேஸ் போட்டுடுவா'ன்னான்."

மார்லிஸ் சிரித்தாள். பிறகு பெண்கள் கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதாள். இந்த மனுஷனோடு இத்தனை மாதமாக ஒரு மழையைப் பற்றிக்கூடப் பேசவில்லையே என்று இருந்தது அவளுக்கு.

ஷ்ராக் வந்த நாள் காலையில் குளிர் இன்னும் போகவில்லை. ரப்பர் பூட்ஸும், கக்கத்தில் தன் சொந்த ஃபிளாஸ்க்குமாகக் காரிலிருந்து இறங்கினார். லோவெல் அவருக்குப் பின்னால் சேற்றில் தத்தளித்துக்கொண்டு வந்தார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் மார்லிஸும் வெண்டெலும் விதிப்படி தள்ளித் தள்ளி நின்றார்கள். ஆர்லோ தொப்பியைக் கையில் பிடித்தபடி ஓரமாக நின்றார்.

ஷ்ராக் அணையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எங்க, ஒண்ணையும் காணோம்?" என்றார் கடைசியில்.

"பகல்ல தூங்கும், செனட்டர்" என்றான் வெண்டெல். "ராத்திரிதான் வேலை."

"ராத்திரி ஷிஃப்டா?" ஷ்ராக் தலையை ஆட்டினார். "குச்சியெல்லாம் ஒரே நீளத்துல இருக்கு."

"இயற்கையோட அதிசயம்" என்று லோவெல் அவசரமாகச் சொல்லிவைத்தார்.

"அந்த வெள்ளத்துல நம்ம இன்ஜினியர் கட்டின பாலமெல்லாம் போச்சு. இது நிக்குது." ஷ்ராக் ஃபிளாஸ்க்கைத் திறந்து ஒரு வாய் குடித்தார். "நான் கமிட்டியில உட்கார்ந்து எத்தனையோ இலாகாவைப் பார்த்துட்டேன். எல்லாரும் ஆள் வேணும், வண்டி வேணும், கட்டடம் வேணும்னுதான் வந்து நிப்பாங்க. இதுங்களைப் பாருங்க. சம்பளம் கேட்கல. ஓவர்டைம் கேட்கல. இடிஞ்சா மறுநாளே எடுத்துக் கட்டுது. ஒரு அரசாங்கம்னா இப்படி இருக்கணும்."

ஆர்லோவின் காது சிவந்தது. குளிர் காரணமாக இருக்கும் என்று மார்லிஸ் நினைத்தாள்.

ஷ்ராக் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க ரெண்டு பேர்தான் அந்த வக்கீலுங்களா? வீட்டுல இதைப் பத்திப் பேசிக்கவே இல்லைன்னு லோவெல் சொல்றாரே, நிஜமா?"

"நிஜம்தான், செனட்டர்."

"ஒரு வார்த்தை?"

"மழையைப் பத்திக்கூடப் பேசல."

ஷ்ராக் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். விவசாயி, மழையைப் பற்றிப் பேசாமல் இருப்பது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும்.

"யாரும் பார்க்காத இடத்துலயும் விதிப்படி நடந்திருக்கீங்க" என்றார். "அந்த மாதிரி ஆளுங்க நாற்காலியை என் கமிட்டி தூக்காது. லோவெல், காலியா கிடக்கறதுல ரெண்டை நிரப்பிக்கோங்க. ஒரு ரூம்ல தடுப்புக்கூட இல்லாம துணி கட்டி வெச்சிருக்கீங்களாம், கேவலமா இருக்கு. சாலையை உசத்திப் போடப் பணம் தர்றேன். அணை இருக்கற இடத்துலயே இருக்கட்டும். கேஸ் முடிஞ்சுது."

மூடிய ஃபிளாஸ்க்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் காரை நோக்கி நடந்தார். லோவெல் நன்றி சொல்லிக்கொண்டே பின்னால் ஓடி, ஒரு பூட்ஸைச் சேற்றில் விட்டுவிட்டு, ஒற்றைக்காலில் நின்று அதைப் பிடுங்கினார்.

வெண்டெல் மெல்ல நகர்ந்து மார்லிஸின் பக்கத்தில் வந்து நின்றான். தைரியமாகக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அந்தக் குழாய் யோசனை உன்னுதுதானே?" என்றான். "அருமையான யோசனை. அன்னிக்கே சொல்லணும்னு இருந்துச்சு."

"நீ கயிறு கட்டினியே, அதுவும்தான். நான் ஹாட்டிஷ்ல ஓரம் வெச்சேன், புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது. புரிஞ்சுதுன்னு சொன்னா விதி மீறினதா ஆயிடுமேன்னு பேசாம சாப்பிட்டேன்."

அணை, சேறு, தண்ணீர், பல், வால் என்று இத்தனை மாதமாக வாய்க்குள் பூட்டி வைத்ததையெல்லாம் இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். பேராசிரியரைப் பற்றிச் சொல்லி வெண்டெல் கண்ணில் நீர் வரச் சிரித்தான். ஓடையின் மேல் வெயில் விழுந்து அணை பளபளத்தது. பாவம், எவ்வளவு உழைத்திருக்கின்றன, ஒரு நாள் ராத்திரி வந்து பார்க்க வேண்டும் என்று அவள் சொன்னாள்.

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஆர்லோ தொப்பியைச் சுழற்றியபடி நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்துக் காதில் செருகிக்கொண்டார். கேட்காததைச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது நன்றாகவே தெரிந்தது.

"சொல்லுங்க, ஆர்லோ" என்றாள் மார்லிஸ்.

"பீவருங்க முதல் பனி விழறதுக்கு முன்னாடியே வேற ஓடைக்குப் போயிடுச்சுங்க, மேடம். நீங்க சொன்னீங்களேன்னு வாராவாரம் நான்தான் கட்டிட்டு வர்றேன். இந்த ஓவர்டைமை ரெண்டு இலாகாவுல யார் பேர்ல எழுதறது?"